கரிந்தேரியா: மணிலாவுக்குப் போன கறியும் மணிலாவிலிருந்து வந்த கொட்டையும்

கரிந்தேரியா. தமிழ்க் காதில் இந்தச் சொல் விழுந்தால், அடுப்பில் யாரோ எதையோ மறந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். பிலிப்பினோக்களுக்கு அது பசி கிளப்பும் சொல். நாலைந்து மேசை, வீட்டில் சமைப்பது போலச் சமைத்துத் தட்டுகளில் பரப்பிவைத்த பதார்த்தங்கள், ஒரு பெரிய பானைச் சோறு, இவ்வளவும் இருந்தால் அது கரிந்தேரியா. மணிலாவில் தெருவுக்குத் தெரு உண்டு. சிட்னியின் வடமேற்கில் கெல்லிவில் வட்டாரத்திலும் இப்போது அந்த ரகச் சாப்பாடு கிடைக்கிறது.

கெல்லிவில் ஒரு காலத்தில் பழத்தோட்டமும் கோழிப்பண்ணையுமாக இருந்த ஊர். 1803இல் கைதியாகக் கப்பலில் வந்து, பிறகு நிலமும் வழிப்போக்கர் விடுதியும் வைத்திருந்த ஹியூ கெல்லியின் பெயர் அது. மெட்ரோ ரயில் 2019 மே மாதம் வந்தது; வீடுகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. டூங்காபி, பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் வாடகைக்குத் தொடங்கிய தமிழர்களும், பிளாக்டவுன், ரூட்டி ஹில் பக்கம் தொடங்கிய பிலிப்பினோக்களும் பெரிய வீடு தேடி வந்து ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் குடியேறுகிற ஊர்களில் இதுவும் ஒன்று.

இந்தக் கடைகளுக்கு 'தூரோ-தூரோ' என்றும் ஒரு பெயர் உண்டு. தூரோ என்றால் விரலால் காட்டுவது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் காட்டினால் அள்ளி வைப்பார்கள். மெனு அட்டை அவசியமில்லை. பரிமாறுகிறவரை 'ஆத்தே' என்று கூப்பிடுவார்கள். அக்கா என்று பொருள். ஆத்தா நினைவுக்கு வருவார், ஆனால் சொந்தமில்லை. அது சீனத்து ஹொக்கியன் மொழியிலிருந்து போன சொல். ஒலி ஒத்துப்போனதும் உறவு கொண்டாடத் துடிப்பது நம் சொல்லாராய்ச்சியின் பழைய சபலம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

கரிந்தேரியாவில் உள்ள 'கரி' அப்படியல்ல. அது நம்முடைய கறிதான் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். எப்போது போனது, யார் கையோடு போனது என்பதில்தான் பேச்சு.

எல்லோரும் சொல்லும் கதை இது. 1762இல் பிரிட்டனும் ஸ்பெயினும் போர் தொடுத்துக்கொண்டன. சென்னைப் பட்டணத்திலிருந்து ஒரு கப்பற்படை மணிலாவுக்குக் கிளம்பியது. தரைப்படைக்கு வில்லியம் டிரேப்பர், கடற்படைக்கு சாமுவேல் கார்னிஷ். வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைச் சிப்பாய்களும் சில நூறு பேர் போனார்கள். போர் மூண்ட செய்தியே முறையாக வந்துசேராத மணிலா, அக்டோபர் 6ஆம் தேதி விழுந்தது. நகரை நிர்வகிக்க வந்தவரும் சென்னைக் கவுன்சில் உறுப்பினரான டாசன் டிரேக். 1764இல் பிரிட்டிஷார் நகரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் கப்பல் ஏறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கி, உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். அங்கே கிடைத்ததை வைத்து ஊர்ச் சாப்பாட்டைச் சமைக்கப் பார்த்தார்கள். பிறந்தது 'காரெ-காரெ' என்ற குழம்பு. அதை விற்ற இடம் கரிந்தேரியா.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிப்பாய்கள் கைந்தாவில் தங்கியது பற்றி ஐயம் அதிகமில்லை. அந்த ஊர்க்காரர்களே வம்சக்கதை சொல்வார்கள். ஆனால் அந்தச் சிப்பாய்கள் எல்லோரும் தமிழர் என்று யாரும் சொல்ல முடியாது. சென்னைப் படையில் தெலுங்கரும் முஸ்லிம்களும் நிறையப் பேர். காரெ-காரெக்கு பம்பாங்கா மாகாணத்தாரும் உரிமை கொண்டாடுகிறார்கள். பிலிப்பைன்சில் சமையல் என்றால் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. தவிர, ஒரு சொல் கடல் தாண்ட படையெடுப்பு எதற்கு? வியாபாரம் போதும்.

வியாபாரம் இருந்தது. மலாக்காவை 1511இல் போர்த்துக்கீசியர் பிடித்தபோது அங்கே தமிழ்ச் செட்டிகளும் இருந்தார்கள், லூசோன் தீவுக்காரர்களும் இருந்தார்கள். இருவரைப் பற்றியும் போர்த்துக்கீசியரான தோமே பிரெஸ் எழுதிவைத்திருக்கிறார். மலாயில் கறி 'கரி'யாகவே புழங்குகிறது. பிற்காலத்தில் சோழமண்டலக் கரைத் துணி ஏற்றிய கப்பல்கள் சென்னையிலிருந்தே மணிலாவுக்குப் போயின. ஸ்பானியர் ஆங்கிலேயரை நேராக வியாபாரம் செய்ய விடாததால், பெயருக்கு ஆர்மீனியர் கப்பல், இந்தியர் கப்பல் என்று போகும். அந்த மணிலா வியாபாரத்தில் பணம் சேர்த்தவர்தான் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவர். இன்று அந்த இடத்தில் நிற்கும் மறைமலையடிகள் பாலத்தில் மாட்டிக்கொள்ளும் பைக்காரர்கள் மணிலாவுக்கு அரைக் கும்பிடு போடலாம். ஆக, டிரேப்பர் கப்பலேறுவதற்கு வெகுகாலம் முன்பே கறி என்ற சொல் மணிலாவை எட்ட இரண்டு பாதைகள் திறந்திருந்தன. சிப்பாய்கள் புதிதாக ஒரு சொல்லைக் கொண்டுபோனார்கள் என்பதைவிட, ஏற்கெனவே போயிருந்த சொல்லுக்கு ஆளும் அடுப்பும் சேர்த்தார்கள் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சொல்லின் பின்பாதியைப் பார்த்தாலும் அப்படித்தான். '-எரியா' என்பது ஸ்பானிய விகுதி. பனதேரியா ரொட்டிக்கடை, லவந்தேரியா சலவைக்கடை. இதே விகுதியை மணிலாக்காரர்கள் சீனத்துச் சொல்லிலும் ஒட்டினார்கள்: ஹொக்கியனிலிருந்து வந்த 'பன்சித்' என்ற சேமியா வகையை விற்கிற இடம் பன்சிதேரியா. 19ஆம் நூற்றாண்டில் மணிலாவின் புகையிலை ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் சுருட்டுச் சுற்றினார்கள். வீட்டில் சமைக்க நேரமில்லாதவர்களை நம்பிப் பிழைத்தவை இந்தக் கடைகள். 1891இல் வெளிவந்த, பிலிப்பினோ எழுத்தாளர் ஹோசே ரிசாலின் 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ' நாவலில் மாணவர்கள் கூடிக் கும்மாளமடிப்பதே ஒரு பன்சிதேரியாவில்தான். கரிந்தேரியாவும் இதே அச்சில் வார்த்ததாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் சிப்பாய்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறை கழித்துத்தான் கடைக்கு இந்தப் பெயர் வந்திருக்கும்.

ஒரு சிக்கல் பாக்கி. கரியோடு எரியா சேர்ந்தால் கரியேரியா என்றல்லவா வர வேண்டும்? நடுவில் 'ந்த்' எங்கிருந்து முளைத்தது? லவந்தேரியாவின் சாயலாக இருக்கலாம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. மணிலா மொழியான தகலாகில் 'கரிஹான்' என்று ஒரு சொல் உண்டு. '-ஹான்' இடம் காட்டும் விகுதி. கறி விற்கிற இடம் கரிஹான். இந்த உள்ளூர்ச் சொல்லுக்கு ஸ்பானியச் சட்டை மாட்டியபோது அதன் கடைசி 'ன்' உள்ளே தங்கிவிட்டிருக்கலாம். இது என் ஊகம்தான். பந்தயம் கட்ட மாட்டேன். ஆங்கிலத்தின் ஆக்ஸ்போர்டு அகராதி கரிந்தேரியாவையும் பன்சிதேரியாவையும் 2018இல் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது.

கறி நம்மிடமும் ஒரே பொருளில் உட்கார்ந்திருந்ததில்லை. அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனர் கப்பல் முசிறியிலிருந்து ஏற்றிப்போகும் கறி, மிளகு. பிறகு சோற்றோடு தொட்டுக்கொள்வதெல்லாம் கறி ஆயிற்று. சென்னையில் 'கறிக்கடை' என்றால் ஆட்டிறைச்சி தொங்கும் கடை. சில வீடுகளில் 'வாழைக்காய்க் கறி' என்றால் எண்ணெயில் வதக்கிய பொரியல். தொட்டுக்கொள்வது என்ற அந்தப் பொருளை விடாமல் வைத்திருப்பவர்கள் யாழ்ப்பாணத்தார். மீன், மரக்கறி, பருப்பு, எதுவானாலும் சோற்றுக்கு ஊற்றுவது கறி. "இண்டைக்கு என்ன கறி?" என்று அங்கே கேட்பதும் "அனோங் ஊலாம்?" என்று மணிலாவில் கேட்பதும் அச்சு அசல் ஒரே கேள்வி. ஊலாம் என்றால் சோற்றுக்குத் துணை. மணிலாக்காரர்கள் நம் கறியை ஊலாமின் இடத்தில் உட்கார வைக்கவில்லை. அந்த நாற்காலி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. கடைக்குப் பெயராக்கி வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே கறி இருக்கிறதா? காரெ-காரெயைத் தட்டில் வாங்கிப் பார்ப்போம். மாட்டுவால் துண்டுகள் எலும்பிலிருந்து நழுவுகிற பதத்துக்கு வெந்திருக்கும். கூடவே குடல், கத்தரிக்காய், நீளப் பயற்றங்காய், ஒரு கீரை. வாழைப்பூவும் உண்டு, 'சாகிங்கின் இதயம்' என்பார்கள், சாகிங் என்றால் வாழை. நம் வீட்டில் மடல் மடலாய்ப் பிரித்துக் கள்ளன் எடுப்பதில் அரை நாள் போகும். அவர்கள் உள் மொட்டைக் குறுக்கே நறுக்கிப் போட்டுவிடுகிறார்கள். குழம்பின் நிறம் செம்மஞ்சள். மஞ்சள்தூள் என்று நினைத்தால் ஏமாற்றம்; மெக்சிகோவிலிருந்து வந்த அச்சுவேத்தே விதையின் சாயம். மல்லி இல்லை, சீரகம் இல்லை, மிளகாயும் இல்லை. குழம்பைக் கெட்டியாக்குவது வறுத்த அரிசி மாவும் அரைத்த நிலக்கடலையும். உப்புக்கூட அளவாகத்தான். உறைப்பையும் உப்பையும் ஈடுகட்ட, கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த 'பகூங்' ஒரு சின்னக் கிண்ணத்தில் வரும். அதை நுனி விரலால் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்; முதல் தடவை வாசனைக்கு மூக்கைச் சுளிப்பவர்கள் மூன்றாம் கவளத்தில் கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். இதில் சென்னைச் சிப்பாயின் கை எங்கே என்று தேடினால் பெயரைத் தவிர ஒன்றும் அகப்படாது.

ஆனால் அந்த நிலக்கடலையை விட்டுவிட முடியாது.

பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நிலக்கடலைக்கு என்ன பெயர்? மல்லாட்டை. சிலர் மல்லாக்கொட்டை என்பார்கள். எழுத்தில் வந்தால் மணிலாக்கொட்டை. மணிலாக்கொட்டை வாயில் உருண்டு உருண்டு, 'ணி' தேய்ந்து, 'க்கொ' விழுந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. வண்டி வண்டியாக அதைப் புதுச்சேரித் துறைக்கு அனுப்பி, அங்கிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் கப்பலேற்றியவர்கள் தென்னார்க்காட்டுக்காரர்கள். பிலிப்பைன்ஸ் தலைநகரத்தின் பெயரை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறோம் என்று அவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

கடலை தென்னமெரிக்கப் பயிர். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அச்சுவேத்தே வந்ததும் அந்தத் தடத்தில்தான். மணிலாவிலிருந்துதான் கடலை நம் கரைக்கும் வந்தது என்பதற்குப் பெயர் ஒரு சாட்சி. பெயர் சொல்லும் சாட்சியை முழுக்க நம்பிவிடக் கூடாதுதான். கொடுக்காய்ப்புளிக்கு ஆங்கிலேயர் 'மணிலாப் புளி' என்று பெயர் வைத்தார்கள், அதன் பிறப்பிடமும் மெக்சிகோவே. எங்கே பிறந்தது என்பதைவிட எந்தத் துறைமுகத்துச் சரக்கு என்பதைத்தான் ஜனங்கள் பெயரில் வைக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா வீதியில் மணலில் வறுத்து விற்கிற கச்சானும் நிலக்கடலைதான், ஆனால் வேறு பாதையில் வந்த பெயர். மலாயில் பயறு, கடலை வகைக்குக் 'கச்சாங்' என்று பெயர். அதோடு பொருத்திப் பார்க்கத்தான் தோன்றுகிறது. சிங்களத்தில் 'ரட்டகஜு', அதாவது பிறநாட்டு முந்திரி. எல்லோருக்கும் அது அசலூர்க் கொட்டை. பிலிப்பினோக்கள் மட்டும் 'மனி' என்கிறார்கள். மணி மணியாக இருப்பதால் என்று நாம் ஆரம்பிக்கக் கூடாது. கரீபியத் தீவுகளின் தைனோ மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக வந்த சொல் அது.

மணிலாவின் பெயரிலும் ஒரு நூல் நம் பக்கம் நீள்கிறது. 'மாய் நிலா' என்றால் 'நிலா உள்ள இடம்'. நிலா இங்கே அவுரிச்செடி, நீலச் சாயம். சமஸ்கிருத நீலத்திலிருந்து போனது என்பது இன்று மொழியறிஞர் பலரின் முடிவு. அப்படியானால் மல்லாட்டைக்குள் நீலம் தேய்ந்து கிடக்கிறது.

கரிந்தேரியாவின் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் சில சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 'தினோலா' என்ற கோழிச்சாற்றில் மிதக்கும் இலைக்கு 'மலுங்காய்' என்று பெயர். இலையைப் பார்த்தாலே தெரியும், முருங்கை. மலாயில் 'மெருங்காய்' என்று இருப்பதால் பாதையும் கிட்டத்தட்டத் தெரிகிறது. 'புத்தோ' என்ற ஆவியில் வெந்த அரிசிப் பண்டத்தைப் புட்டோடு சேர்க்கிறார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. மாம்பழம் 'மங்கா'.

சிட்னிக் கடைகளில் காரெ-காரெக்குக் கடலை அரைப்பவர்கள் குறைவு. பாட்டிலில் வரும் கடலை வெண்ணெயைக் கரைத்துவிடுகிறார்கள். மாடு சாப்பிடாதவர்கள் இறாலும் நண்டும் போட்டதையோ, காய்கறி மட்டும் போட்டதையோ கேட்டுப் பார்க்கலாம். பகூங் மட்டும் எப்படியும் இறால்தான், சைவக்காரர்கள் கிண்ணத்தைத் தள்ளிவைக்கட்டும். இன்னொன்று: வாய்தவறி 'கறி' என்று கேட்டால் வேறு தட்டு வரும். தேங்காய்ப்பாலில் கோழியும் உருளைக்கிழங்கும், மேலே மஞ்சள் நிறமாகக் கறித்தூள். பிலிப்பினோ வீடுகளில் 'சிக்கன் கரி' என்றால் அதுதான். ஹன்னா கிளாஸ் 1747இல் தன் சமையல் நூலில் சேர்த்த அந்த ஆங்கிலக் கறியின் வாரிசு அது. ஆஸ்திரேலியாவில் அதற்கு ஜோசப் கீன் என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தாஸ்மேனியாவில் தூள் இடித்து டப்பாவில் அடைத்துவிட்டார், இன்றும் சூப்பர் மார்க்கெட் தட்டில் இருக்கிறது. ஒரே கடையில் பெயர்ப்பலகையில் ஒரு கறி, வால்குழம்பில் ஒரு கறி, கோழியில் ஒரு கறி. மூன்றும் வெவ்வேறு கப்பலில் வந்தவை.