மலையேற்றப் பாதை அனுமதி (வேலூர்–ஆம்பூர் வட்டாரம்)

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடியை ஒட்டிய ஏலகிரி, ஜவ்வாது மலைகளின் காப்புக்காடுகளில் பொழுதுபோக்காக நடப்பதற்கும் பாதை அமைப்பதற்கும் வனத்துறையிடம் பெற வேண்டிய இசைவு.

இதன் வேர் 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். சென்னை மாகாணத்தில் ஊரார்க்கு வழக்குரிமை இல்லாத காடே அரிது என்று வருவாய் வாரியம் 1870-களில் வாதாடியது. பின்னர் அன்றைய இந்திய வனத்துறைத் தலைமை ஆய்வாளர் டீட்ரிச் பிராண்டிஸ் வந்து சட்டத்திற்கு வடிவம் கொடுத்தார். 4-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை வெளியிட்டு, வன நிர்ணய அலுவலர் உரிமைக் கோரிக்கைகளைக் கேட்டு முடிவு செய்ய, 16-ஆம் பிரிவின்படி காடு காப்புக்காடாகும். வழிநடை, நீர்க்கால், மேய்ச்சல், காட்டுப் பொருள் ஆகிய உரிமைகளைக் கோரலாம். கெடுவுக்குள் கோரியவரின் தடம் பதிவேட்டில் ஏறியது. கோராதவரின் தடம் சட்டத்தின் பார்வையில் மறைந்தது. மலைவாழ் மக்களில் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லையில் எண்ணிட்ட கற்குவியல்களை அடுக்கினர். அவற்றைக் கடந்து அனுமதியின்றி நுழைவது 21-ஆம் பிரிவின்படி அத்துமீறல்.

சட்டம் இயற்றியோர் மனத்தில் உலாவ வருவோர் இருந்ததாகத் தெரியவில்லை. விறகு, மேய்ச்சல், மரப்பட்டை இவையே அன்றைய கவலை. குரோம் பதனிடுதல் பரவும்வரை இவ்வட்டாரத் தோல் தொழிலுக்கு ஆவாரம்பட்டை இன்றியமையாததாக இருந்தது. பட்டையும் சட்டப்படி காட்டுப் பொருளே.

பாதை அமைப்பதை 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் மேலும் இறுக்கியது. காட்டு நிலத்தை வேறு பயனுக்குத் திருப்ப மத்திய அரசின் முன்னொப்புதல் வேண்டும். ஆகவே மலையேற்றச் சங்கம் தானாகப் புதுத் தடம் வெட்ட முடியாது. உள்ள தடத்தில் நடக்க மட்டுமே கேட்கலாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபையின் பரிந்துரையுடன் சாலை, பள்ளி போன்றவற்றுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை விடுவிக்க இடமளிக்கிறது. உல்லாச நடை அப்பட்டியலில் இல்லை. மலைக்கோயில்களுக்கு ஏறும் பக்தர்கள் வழக்காற்றின்படி செல்பவர்கள் என்பதால் மலையேற்றக்காரராகக் கருதப்படுவதில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. அதுவரை வனச்சரகத்திற்கு வனச்சரகம் மாறுபட்டிருந்த நடைமுறையை ஒழுங்குக்குக் கொண்டுவந்த நல்லேற்பாடு இது. தீக்காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன.

2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 14 மாவட்டங்களில் 40 தடங்களுக்கு இணையவழி முன்பதிவு தருகிறது. திருப்பத்தூர் மாவட்டத்தில் ஏலகிரி சுவாமிமலை, ஜலகாம்பாறை தடங்கள் இதில் அடங்கும். வழிகாட்டிகள் உள்ளூர் இளைஞர்கள், கட்டணம் உண்டு.