பஹ்ரைன் யூதர்கள்

பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வாழ்ந்துவரும் சிறு வணிகச் சமூகத்தினர். பெரும்பாலோர் ஈராக்கின் பாக்தாத், பஸ்ரா நகரங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். பாரசீகத்திலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. லோரிமர் தொகுத்த பிரிட்டிஷ் இந்திய அரசின் வளைகுடா விவரக் களஞ்சியம், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனாமாவில் சுமார் 50 யூதர்கள் இருந்ததாகக் குறிக்கிறது. 1940களின் இறுதியில் அவர்கள் தொகை 600-ஐ நெருங்கியது. இன்று சில பத்துப் பேரே மிஞ்சியிருக்கிறார்கள். இவர்களைப் பற்றிய பேச்செல்லாம் 1947 கலவரத்திலும், இஸ்ரேலுடனான 2020 ஒப்பந்தத்திலுமே சுற்றிவருகிறது. அந்த இரண்டுக்கும் முன்னால் இவர்கள் கடை நடத்தி, பிள்ளைகளுக்கு மணமுடித்து வாழ்ந்த வாழ்க்கைதான் உண்மையில் விரிவாகச் சொல்லப்பட வேண்டியது.

வருகை

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாதை ஆண்ட தாவூத் பாஷாவின் கெடுபிடியால் யூத வணிகர் பலர் வெளியேறினர். டேவிட் சசூன் புஷேர் துறைமுகம் வழியாக 1830களின் தொடக்கத்தில் பம்பாயில் குடியேறி, பருத்தியிலும் அபினியிலும் பெரும் வணிகக் குடும்பத்தை நிறுவினார். வேறு சிலர் மஸ்கட் சென்றனர். ஓமானின் சோஹாரில் பழைய யூதக் கல்லறைகள் உள்ளன. பஸ்ராவுக்கும் பம்பாய்க்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் தொட்டுச் சென்ற துறைமுகங்களில் ஒன்று மனாமா. முன்னே சென்ற உறவினர் கடை வைத்ததும் அண்ணன் தம்பிகளும் மைத்துனர்களும் பின்னால் வருவது எந்த வணிகச் சாதிக்கும் வழக்கம். இங்கும் அப்படியே நடந்தது. நோனூ, கதூரி, கோஹன், யாத்கார் ஆகியவை நிலைத்த குடும்பப் பெயர்கள்.

தொழில்

துணி, நாணய மாற்று, வெள்ளி, நறுமணப் பொருள்கள், பிற்காலத்தில் மின்சாதனங்கள் என்று பலவகை வணிகம் செய்தனர். சூக் எனும் கடைத்தெருவில் இவர்கள் கடைகள் நெருங்கியிருந்த வீதியை மக்கள் 'யூதர் தெரு' என்றே அழைத்தனர். சனிக்கிழமை அங்கே கதவுகள் சாத்திக் கிடக்கும். பெண்கள் துணி மூட்டையைச் சுமந்து வீடுவீடாகச் சென்று விற்றதுண்டு. அந்நிய ஆண்கள் நுழைய முடியாத அந்தப்புரங்களிலும் இந்தப் பெண்களுக்கு வழி இருந்தது. மருத்துவச்சியாகவும், அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் செவிலியராகவும் பணியாற்றியோரும் இருந்தனர்.

பணமாகப் புழங்கியது இந்திய ரூபாய். 1959-இல் வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டு வந்து, 1965-இல் பஹ்ரைன் தினார் அறிமுகமாகும்வரை மனாமாவின் கணக்குப் புத்தகங்கள் ரூபாயிலேயே எழுதப்பட்டன. பம்பாய் விலை தெரியாமல் அங்கே எவரும் வியாபாரம் செய்ய முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே முத்து. மன்னார் வளைகுடாவில் செய்ததுபோலவே, பல அளவுத் துளைகள் கொண்ட பித்தளைச் சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சலித்து முத்துகளைத் தரம்பிரித்தார்கள். சிவப்புத் துணியில் கொட்டி, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்து, எடை போட்டு விலை பேசினார்கள். முத்து வணிகத்தின் பெரும்பகுதி அரபு வணிகர் கையிலும், சிந்து மாகாணத்தின் தட்டையிலிருந்து வந்த இந்து வணிகர் கையிலும் இருந்தது. யூதர்களின் பங்கு பாரிஸ் வழியாக வந்தது. பாரிஸின் யூத முத்து வணிகர்களான விக்டர், லியனார்ட் ரோசந்தால் சகோதரர்கள் பம்பாய் இடைத்தரகரைத் தவிர்த்து நேரே வளைகுடாவிலேயே கொள்முதல் செய்தனர். 1912-இல் பாரிஸ் நகை நிறுவனக் குடும்பத்தின் ழாக் கார்த்தியேவும் இதே நோக்கத்துடன் வந்தார். 1920களில் ஜப்பானிய மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்து ஐரோப்பியச் சந்தையில் பரவியதும், 1929-இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் இந்தத் தொழிலைச் சாய்த்தன. 1932-இல் ஜபல் துகானில் எண்ணெய் கிடைத்திராவிட்டால் மனாமாவின் கடைத்தெருவே காலியாகியிருக்கும்.

வீடும் வழிபாடும்

வீட்டில் பேசியது பாக்தாத் யூதர்களின் அரபு. வெள்ளி மாலை அடுப்பில் ஏற்றும் 'தபீத்' இவர்களின் அடையாள உணவு. கோழிக்குள் அரிசியும் மசாலாவும் அடைத்து, மேலே முட்டைகளை வைத்து, மெல்லிய தணலில் இரவு முழுக்க வேகவிடுவார்கள். ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்ற விதிக்கு உட்பட்டே மறுநாள் பகலுக்குச் சூடான சாப்பாடு கிடைக்கும். பாக்தாத் யூதர்கள் தொட்டுக்கொள்ளும் மாங்காய் ஊறுகாயான 'அம்பா', பேரிலும் சுவையிலும் பம்பாயிலிருந்து போனது.

1930களில் சசாஆ சாலையில் தொழுகைக்கூடம் எழுந்தது. தட்டை வணிகர்கள் கட்டிய ஸ்ரீநாத்ஜி கோயிலும் அதே சூக் பகுதியில்தான் இருக்கிறது. மனாமாவில் வேலை பார்க்கும் தமிழர் பலருக்கு அந்தச் சந்துகள் பழக்கமானவை. 1919-இல் தோன்றிய மனாமா நகராட்சி மன்றத்தில் பிற்பாடு நோனூ குடும்பத்தவர் உறுப்பினராக இருந்தார். ஜெர்மனியில் 1933 ஏப்ரலில் யூதர் கடைகள் புறக்கணிக்கப்பட்டு, 1938-க்குள் அவர்களின் நிறுவனங்கள் பறிக்கப்பட்ட அதே காலத்தில், மனாமாவில் யூதக் கடைக்காரருக்கு எதிராக ஒரு சட்டமும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

1947 டிசம்பர்

பாலஸ்தீனத்தைப் பிரிக்க ஐ.நா. நவம்பர் 29 அன்று வாக்களித்தது. மனாமாவில் ஊர்வலங்களாகத் தொடங்கிய எதிர்ப்பு, டிசம்பர் 5 அன்று கொள்ளையாக மாறியது. வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன, தொழுகைக்கூடம் இடிக்கப்பட்டது, மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அன்று முஸ்லிம் அண்டைவீட்டார் யூதக் குடும்பங்களைத் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினர். கலவரக்காரர்களில் பெரும்பாலோர் வெளியாட்கள் என்று சமூகத்தின் முதியோர் சொல்லிவந்துள்ளனர். ஷேக்கின் ஆலோசகர் சார்லஸ் பெல்கிரேவும் கிட்டத்தட்ட அப்படியே எழுதினார். ஆனால் காத்தவர்களின் நல்லெண்ணத்தால் மட்டும் கடைக்காரரின் நம்பிக்கை திரும்பிவிடவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலோர் பிரிட்டன், அமெரிக்கா, இஸ்ரேல் எனப் பிரிந்துபோனார்கள். 1967 போருக்குப் பின் மேலும் சிலர் சென்றனர்.

குவைத்தின் சிறு யூதச் சமூகம் இதற்கு முன்பே கரைந்துவிட்டது. அதன் பேர் சொல்ல நிற்பவர்கள் ஸாலிஹ் (பிறப்பு 1908), தாவூத் (1910) அல்-குவைத்தி சகோதரர்கள். உறவினர் ஒருவர் இந்தியாவிலிருந்து வாங்கிவந்த வயலினிலும் ஊத் என்ற அரபு நரம்பிசைக் கருவியிலும் பழகிய இருவரும் ஈராக் வானொலியின் முன்னோடி இசைக்கலைஞர்கள் ஆனார்கள்.

பின்னர்

எஞ்சிய குடும்பங்கள் வணிகத்தையும் குடியுரிமையையும் விடவில்லை. இப்ராஹிம் நோனூ மேலவையான ஷூரா மன்றத்தில் இடம்பெற்றார். அவருக்குப்பின் வந்த ஹுதா நோனூ, 2008 முதல் 2013 வரை வாஷிங்டனில் பஹ்ரைன் தூதராக இருந்தார். நான்சி கதூரி சமூகத்தின் வரலாற்றை நூலாக எழுதியதோடு 2010-இல் ஷூரா உறுப்பினரும் ஆனார்.

கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்த எண்ணிக்கை சேராததால், இடிக்கப்பட்டபின் மீண்டும் கட்டப்பட்ட தொழுகைக்கூடம் பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தது. 2020 செப்டம்பரில் இஸ்ரேலுடன் உடன்படிக்கை ஏற்பட்டபின் வெளிநாட்டு யூதர் வருகை கூடியது. 2021-இல் புதுப்பித்த கூடத்தில் ஓய்வுநாள் வழிபாடு மீண்டும் நடந்தது. அதே ஆண்டு ஆறு வளைகுடா நாடுகளின் யூதர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டு, இப்ராஹிம் நோனூ அதன் தலைவரானார். 2023-இல் அபுதாபியின் ஆபிரகாமியக் குடும்ப இல்லம் என்ற பல்சமய வழிபாட்டு வளாகத்தில் யூதத் தொழுகைக்கூடம் திறக்கப்பட்டது. துபாய், அபுதாபியில் இன்று தொழுபவர்கள் பெரும்பாலும் சமீபத்தில் வேலைக்கும் தொழிலுக்கும் வந்து குடியேறியவர்கள். திருமணம், வாரிசுரிமை, வணிகத் தகராறு ஆகியவற்றில் யூதர் விரும்பினால் தீர்வு நாட, அந்த வளைகுடா யூதர் சங்கம் ஒரு சமய நீதிமன்றத்தையும் அமைத்துள்ளது.