வாகனப் பிணைய வழிப்படுத்தல் நெறிமுறைகளின் வரலாறு

வாகனப் பிணைய வழிப்படுத்தல் நெறிமுறைகள் என்பவை, ஓடும் வாகனங்கள் கைபேசிக் கோபுரங்களின் துணையின்றித் தமக்குள் தரவுப் பொதிகளைக் கைமாற்றி அனுப்புவதற்கான விதிகள் ஆகும்.

தொடக்கக்கால நெறிமுறைகள் வாகனங்களுக்கென உருவானவை அல்ல. 1994இல் சார்லஸ் பெர்கின்ஸ், பிரவின் பகவத் ஆகியோர் வெளியிட்ட டிஎஸ்டிவி முறையில், ஒவ்வொரு கணுவும் மற்ற எல்லாக் கணுக்களுக்குமான பாதை அட்டவணையைத் தொடர்ந்து புதுப்பித்து வந்தது. டிஎஸ்ஆர் (1996), ஏஓடிவி (1999) ஆகியவை தேவைப்பட்டபோது மட்டும் பாதையைத் தேடின. இதனால் வீண் செய்திகள் குறைந்தன. ஆயினும் மணிக்கு 100 கிமீ வேகத்தில் எதிரெதிர்த் திசையில் செல்லும் இரு வாகனங்கள் நொடிக்குச் சுமார் 55 மீட்டர் விலகுகின்றன. தேடிக் கண்ட பாதை பயன்படுவதற்குள் அறுந்துவிடக்கூடும்.

2000இல் பிராட் கார்ப், எச். டி. குங் ஆகியோர் முன்வைத்த ஜிபிஎஸ்ஆர், பாதையைச் சேமிப்பதில்லை. அண்டைக் கணுக்களில் சேருமிடத்துக்கு மிக அருகில் உள்ளதிடம் பொதியை ஒப்படைக்கிறது. 2002இல் செருமனியின் மான்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுஞ்சாலைப் போக்குவரத்தைக் கணினியில் உருவகித்து ஒப்பிட்டபோது, டிஎஸ்ஆரைவிட இட அடிப்படையிலான முறை சிறப்பாகச் செயற்பட்டது.

நகரங்களில் நிலைமை வேறாக இருந்தது. கட்டடங்கள் வானொலி அலைகளை மறைத்ததால், நேர்கோட்டில் அருகிலிருந்த வாகனத்தையும் எட்ட இயலவில்லை. ஆகவே 2003இல் வெளியான ஜிஎஸ்ஆர், சாலை வரைபடத்தைக் கொண்டு சந்திப்புகள் வழியே பொதியை அனுப்பியது. 2005இல் வந்த ஜிபிசிஆர், வரைபடமின்றியே சந்திப்பில் நிற்கும் வாகனத்துக்கு முன்னுரிமை அளித்தது.

ஐரோப்பாவின் ஜியோநெட்வொர்க்கிங் தரநிலையும் இட அடிப்படையிலானதே. விபத்து எச்சரிக்கை குறிப்பிட்ட ஒரு வாகனத்துக்கு உரியதன்று. அச்சாலைப் பகுதியை நெருங்கும் எல்லா வாகனங்களுக்கும் அது உரிய நேரத்தில் சேர வேண்டும்.