கூண்டு இறங்குமுன்

பெரிய தொழிற்சாலைகளின் வாசலில் இன்று ஒரு பட்டியல் தொங்குகிறது. ஆபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது, யார் வால்வை மூடுவது, யார் ஆட்களை எண்ணுவது, எல்லோரும் எங்கே கூடுவது என்று அதில் எழுதியிருக்கும். நிறுவனமே தன் ஆட்களைக் கொண்டு அமைத்துக்கொள்ளும் இந்த அவசரகால மீட்புக் குழுவுக்குத் தாய்வீடு நிலக்கரிச் சுரங்கம். ஆலையில் தீப்பிடித்தால் ஊர்த் தீயணைப்பு வண்டி வாசல் வரையாவது வரும். பூமிக்கடியில் முந்நூறு மீட்டர் ஆழத்தில், மைல் கணக்கில் கிளை பிரியும் இருட்டுப் பாதைகளுக்குள் வெளியூர்க்காரர் யார் வந்து வழி கண்டுபிடிப்பது? அதனால் சுரங்கத் தொழில்தான் இந்தக் கேள்வியை மற்றத் தொழில்களுக்கு முன்பே எதிர்கொண்டது. மீட்பு என்பதை விபத்துக்குப் பிறகு தொடங்கும் வேலையாகவே நாம் எண்ணுகிறோம். அதில் பெரும்பகுதி, ஒன்றும் நேராத சாதாரண நாட்களிலேயே முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் சுரங்க மீட்பின் வரலாறு திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம். யார் பயிற்சி பெறுவது, யார் செலவு ஏற்பது, யார் முடிவெடுப்பது என்ற மூன்றுக்கும் அந்த நாட்களில் விடை காணாத இடங்களில் மனிதர்களின் தைரியம் எத்தனையோ முறை வீணாகியிருக்கிறது.

முதலில் எதிரி யாரென்று தெரிய வேண்டியிருந்தது. சுரங்கத்தில் ஆளைக் கொல்வது வெடிப்பின் அதிர்ச்சியும் நெருப்பும்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1896ல் பிரிட்டிஷ் அரசுக்குத் தந்த அறிக்கை அந்த நம்பிக்கையை மாற்றியது. பெரும்பாலோர் வெடிப்பில் தப்பி, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்தே இறந்தார்கள் என்று அவர் காட்டினார். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காப்பாற்ற ஓடியவரும் காப்பாற்றப்பட வேண்டியவர் அருகிலேயே விழுந்தார். மனிதருக்கு முன்பே தள்ளாடி எச்சரிக்கும் கேனரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோகும் வழக்கம் ஹால்டேனின் ஆய்விலிருந்து வந்தது; பிரிட்டிஷ் சுரங்கங்களில் அது 1986 வரை நீடித்தது. ஹென்றி ஃப்ளூஸ் என்பவர் உருவாக்கிய சுவாசக் கருவி அதற்கும் முன்பே, 1880ஐ ஒட்டிய காலத்தில், வந்துவிட்டது. முதுகில் ஆக்ஸிஜன் உருளை; வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை ஒரு காரப்பொருள் உறிஞ்சிக்கொள்ள, அதே காற்று மீண்டும் சுவாசத்துக்குத் திரும்பும். ஆனால் கருவி கிடைத்ததும் ஆள் தயாராகிவிடுவதில்லை. பின்னாளில் வந்த கருவிகளில் மூக்கைக் கவ்வியால் அடைத்து, குழாயை வாயில் கடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பேச முடியாது, ஊதுகுழலால்தான் சைகை. முதுகில் சுமை, சுற்றிலும் வெக்கை, கண்முன் புகை. இந்த நிலையில் பதறாமல் அளவாக மூச்சு விடப் பழகாதவர் பாதி வழியிலேயே குழாயைப் பிடுங்கி எறிவார். அந்தக் கணமே அவர் கதை முடிந்துவிடும்.

பழக்கமில்லாத தைரியம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் செர்ரி சுரங்கம் சாட்சி. 1909 நவம்பர் 13 அன்று மின்விளக்குகள் பழுதாகி, எண்ணெய்ப் பந்தங்கள் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே வேலை செய்த கோவேறு கழுதைகளுக்காக இறக்கிய வைக்கோல் வண்டியில் அந்த எண்ணெய் சொட்டித் தீப்பிடித்தது. தீ பரவியதும் 12 பேர் தாமாக முன்வந்து தூக்குக்கூண்டில் இறங்கினார்கள். ஆறு முறை இறங்கி ஆட்களை மேலே கொண்டுவந்தார்கள். கீழிருந்து வரும் மணியோசையைக் கேட்டுத்தான் மேலே எந்திரக்காரர் கூண்டை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். ஏழாவது முறை மணி குழப்பமாக ஒலித்தது. சரியான சைகைக்காக அவர் காத்திருந்தார். கடைசியில் கூண்டை ஏற்றியபோது உள்ளே இருந்த 12 பேரும் கருகிப்போயிருந்தார்கள். அந்த விபத்தில் இறந்தவர்கள் 259 பேர். நச்சுக்காற்று வராமல் தாங்களே சுவர் எழுப்பி, பாறையில் கசிந்த நீரைக் குடித்துக் கிடந்த 21 பேர் எட்டு நாட்களுக்குப் பிறகு உயிரோடு வெளியே வந்தார்கள். கூண்டில் போனவர்களிடம் அன்புக்கோ துணிவுக்கோ குறைவில்லை. மேலே நிற்பவரும் கீழே போகிறவரும் முன்பே கூடிப் பழகிய ஒரு மணிச் சைகை முறை மட்டும்தான் இல்லை. அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் அது விபத்துக்கு முந்தைய மாலையாக இருக்க வேண்டும்.

அதைப் புரிந்துகொண்டவர்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் டாங்கர்ஸ்லி என்ற ஊரில் 1902ல், மீட்புக்கென்றே கட்டிய நிலையம் ஒன்றைச் சுரங்க உரிமையாளர்கள் திறந்தார்கள். ஜெர்மனியில் ஹெர்னே நகரத்து ஷாம்ராக் சுரங்கத்தின் இயக்குநர் கியோர்க் ஆல்பிரெக்ட் மேயர் தன் தொழிலாளர்களிலிருந்தே ஒரு குழுவைத் தேர்ந்து பயிற்றுவித்திருந்தார். 1906 மார்ச் 10 அன்று பிரான்சின் வடகோடியில் கூரியேர் கம்பெனியின் சுரங்கங்களில் கரித்தூள் வெடித்தது. இணைந்து கிடந்த பாதைகள் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். இறந்தவர்கள் 1,099 பேர். ஐரோப்பா கண்ட சுரங்க விபத்துகளில் இதைவிடக் கொடியது இல்லை. இரு நாடுகளுக்கும் இடையே 1870ஆம் ஆண்டுப் போரின் பகை ஆறாத காலம் அது. ஆனாலும் மேயரின் குழு சுவாசக் கருவிகளுடன் எல்லை தாண்டி ஓரிரு நாளில் வந்து சேர்ந்தது. அவர்களை வரவழைக்க வேண்டியிருந்தது என்பதே அந்த இடத்தின் நிலைமையைச் சொல்லிவிடுகிறது. அத்தனை பெரிய சுரங்கத்தில் அப்படியொரு குழு இல்லை. வந்தவர்களுக்குக் கருவி தெரியும், பாதை தெரியாது. உள்ளூர்க்காரர்களுக்குப் பாதை தெரியும், கருவி தெரியாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க வேண்டும் என்றால் அந்த ஆள் அந்தச் சுரங்கத்தின் தொழிலாளியாகத்தான் இருக்க முடியும்.

கூரியேர் இன்னொன்றையும் கற்பித்தது. அதன் வலி இன்னும் ஆழமானது. வெடிப்புக்குச் சில நாள் முன்பிருந்தே சுரங்கத்தின் ஒரு பகுதியில் தீ புகைந்துகொண்டிருந்தது. அது அணையும் வரை ஆட்களை இறக்கவேண்டாம் என்று தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் கேட்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெடிப்பு நடந்து மூன்று நாளானதும், இனி உள்ளே யாரும் உயிரோடு இருக்க வழியில்லை என்று கூறித் தேடலை நிறுத்திவிட்டார்கள். தீயை அடக்குவதில் கவனம் திரும்பியது. மார்ச் 30 அன்று, இருபதாம் நாள், 13 பேர் இருட்டில் தடவித் தடவித் தாமாகவே வெளியே வந்தார்கள். லாயத்தில் கிடந்த ஓட்ஸ் தானியத்தையும், குதிரை இறைச்சியையும், முட்டுமரங்களின் பட்டையையும் தின்று பிழைத்திருந்தார்கள். ஏப்ரல் 4 அன்று மேலும் ஒருவர் கிடைத்தார். மனிதரை விட்டுவிட்டுச் சுரங்கத்தைக் காப்பாற்றினார்கள் என்று வடபிரான்சு கொதித்தெழுந்தது, வேலைநிறுத்தம் பரவியது. அந்தக் குற்றச்சாட்டு முழுவதும் நியாயமா என்று வாதிடலாம். ஆனால் நிறுத்தலாமா, தொடரலாமா என்ற முடிவு, சொத்து யாருடையதோ அவரையும் அதிகாரியையும் மட்டுமே சார்ந்திருந்தால் அந்தச் சந்தேகம் என்றும் தீராது. உள்ளே இருப்பவர்களுக்காகப் பேச ஒரு குரலும் அந்த மேசையில் இருந்தாக வேண்டும்.

அதற்குப் பிறகுதான் சட்டங்கள் வேகமெடுத்தன. மீட்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தைப் பிரிட்டன் 1910ல் உள்துறை அமைச்சருக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு வந்த நிலக்கரிச் சுரங்கச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. செர்ரிக்கு மறு ஆண்டே இல்லினாய் மாநிலம் மீட்பு நிலையங்களுக்குச் சட்டம் இயற்றியது. 1910ல் பிறந்த அமெரிக்கச் சுரங்கத் துறை, ரயில் பெட்டிகளையே நடமாடும் மீட்பு நிலையங்களாக மாற்றியது. 1911ல் பிட்ஸ்பர்க்கில் அதிபர் டாஃப்ட் முன்னிலையில் மீட்புக் குழுக்கள் தம் திறமையைக் காட்டின. மீட்புப் போட்டிகள் அதன்பின் சுரங்க ஊர்களின் வழக்கமாகவே ஆயின. இது வெறும் விளையாட்டன்று. சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்க்கும் கம்பெனிகளின் ஆட்கள் ஒரே கருவியையும் ஒரே சைகையையும் ஒரே ஒழுங்கையும் பழகிக்கொண்டதால்தான், ஒரு சுரங்கத்தின் ஆபத்துக்கு இன்னொரு சுரங்கத்தின் குழு ஓடிவர முடிந்தது. அந்த ஒழுங்கும் கடுமையானது. ஐந்தாறு பேர் கொண்ட குழு ஒன்றாகவே போகும். ஒருவரின் கருவியில் கோளாறு என்றால் எல்லோரும் திரும்புவார்கள். நல்ல காற்றுள்ள எல்லையில் இன்னொரு குழு கருவியுடன் காத்திருந்தாலொழிய முதல் குழு அடியெடுத்து வைக்காது.

இந்தியாவில் மீட்பு ஏற்பாடு வெகு தாமதமாகவே வந்தது. ராணிகஞ்சில் 1774லேயே கரி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். 1936 டிசம்பரில் பொய்தி சுரங்கத்தில் 209 பேர் வெடிப்பில் மாண்ட பிறகுதான், 1939ல், நிலக்கரிச் சுரங்க மீட்பு விதிகள் வந்தன. அவற்றின்படி ஜாரியா வட்டாரத்தில் தன்சாரிலும், ராணிகஞ்ச் வட்டாரத்தில் சீதாராம்பூரிலும் மத்திய மீட்பு நிலையங்கள் எழுந்தன. செலவுக்கான வழி கவனிக்கத்தக்கது. சுரங்கத்திலிருந்து வெளியே போகும் கரியின் மீது சிறு தீர்வை விதித்து மீட்பு நிலையங்களுக்குப் பணம் திரட்ட இந்தியச் சுரங்கச் சட்டம் இடம் தந்தது. அதாவது மேலே வரும் ஒவ்வொரு டன் கரியும், அதை வெட்டியவரின் உயிர்க்காவலுக்குத் தன் பங்கைத் தர வேண்டியிருந்தது. தனியொரு முதலாளியின் தாராள மனதை நம்பியிராத இந்த ஏற்பாடு நியாயமானது. வேறு தொழில்களும் பின்பற்றத் தக்கது.

எதிர்வாதங்கள் உண்டு. மீட்புக் குழுக்கள் மேலே கொண்டுவந்தவற்றில் உயிர்களைவிடச் சடலங்களே அதிகம்; அந்தப் பணத்தை விபத்தைத் தடுப்பதில் செலவிட்டால் பலன் கூடும் என்பது முதல் வாதம். இதில் உண்மை இருக்கிறது. 1975 டிசம்பர் 27 அன்று சஸ்நாலா சுரங்கத்தில் கைவிடப்பட்ட பகுதியில் தேங்கிய நீர் உடைத்துப் பாய்ந்தபோது 375 பேர் மூழ்கினார்கள். எந்தக் குழுவாலும் எதுவும் செய்ய முடியவில்லை. 1913ல் வேல்ஸ் நாட்டுச் செங்ஹெனித் சுரங்க விபத்தில் 439 தொழிலாளர்களோடு காப்பாற்றப் போன ஒருவரும் இறந்தார். தடுப்புக்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் மீட்பும் தடுப்பும் ஒரே பணப்பெட்டிக்குப் போட்டியிடும் பங்காளிகள் என்று எண்ணுவது தவறு. மீட்புக்கு ஆயத்தமாகிறவர்தான் வரைபடம் சரியா, காற்றோட்டம் எப்படி, பழைய பாதையில் நீர் எங்கே நிற்கிறது என்று முதலில் கேட்பார். சஸ்நாலாவில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். மேலும் செர்ரியின் 21 பேரும் கூரியேரின் 13 பேரும், ‘இனி யாரும் இருக்க மாட்டார்கள்’ என்ற கணக்கு பொய்க்கும் என்று காட்டிவிட்டார்கள்.

நெருக்கடியில் கைகொடுப்பது ஒரு தனிமனிதரின் சமயோசிதம்தான், குழுவும் விதியும் ஏட்டுச்சுரைக்காய் என்பது இரண்டாவது வாதம். அதற்கு ராணிகஞ்சின் மகாபீர் சுரங்கத்தைச் சான்று காட்டுவார்கள். 1989 நவம்பர் 13 அன்று வெள்ளம் புகுந்து 71 பேர் சிக்கினார்கள். ஆறு பேர் இறந்தார்கள். மேலிருந்து துளையிட்டு, இரும்புக் கூண்டு ஒன்றை இறக்கி, மீதி 65 பேரையும் ஒவ்வொருவராக ஏற்றினார்கள். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் அந்தக் குறுகிய கூண்டில் தாமே இறங்கி, எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக மேலே வந்தார். அந்த மனிதரின் நெஞ்சுரத்துக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் அவர் இறங்க என்னென்ன தேவைப்பட்டன என்று பாருங்கள். ஆட்கள் உயிரோடு இருப்பதைச் சொல்ல நிலத்தடித் தொலைபேசி வேலை செய்தது. துளை சரியான இடத்தில் இறங்க நம்பத்தகுந்த வரைபடம் இருந்தது. கூண்டை வடிக்கப் பட்டறையும் கைதேர்ந்த ஆட்களும் இருந்தார்கள். ஜெர்மனியின் டால்புஷ் சுரங்கத்தில் 1955லேயே இப்படியொரு உருளையில் மூவரைக் காப்பாற்றிய முன்னுதாரணமும் இருந்தது. ஒருவரின் துணிவுக்குப் பலரின் பழைய உழைப்பு படிக்கட்டு கட்டிக் கொடுத்தது.

சுரங்கம் கற்ற பாடத்தை மற்றத் தொழில்கள் எடுத்துக்கொள்ள, நம் நாட்டில் போபால் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு கசிந்த வாயுவிடமிருந்து எப்படித் தப்புவது, எந்தத் திசையில் ஓடுவது என்று ஆலையைச் சுற்றி வாழ்ந்த மக்களுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. 1987ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம்தான் ஆபத்தான ஆலைகள் அவசரகாலத் திட்டம் வகுக்க வேண்டும், அதைத் தொழிலாளர்களும் அக்கம்பக்கத்தாரும் அறிய வேண்டும் என்று ஆக்கியது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் கோப்பில் உறங்கும் திட்டத்துக்கும் செர்ரியின் குழம்பிய மணிக்கும் பெரிய வேறுபாடில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறவர் எத்தனை முறை முகமூடி அணிந்து பழகினார், பக்கத்து ஆலைக் குழுவோடு சேர்ந்து ஒத்திகை பார்த்தாரா, வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா என்ற மூன்று கேள்விகளை எந்த நிர்வாகத்திடமும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

சுரங்கங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இறங்குமுன் ஒவ்வொருவரும் எண் பொறித்த உலோக வில்லையை வாங்கிக்கொள்வார். ஏறியதும் திருப்பித் தருவார். வேலைநேரம் முடிந்தபின் பலகையில் எந்த ஆணி வெறுமையாக இருக்கிறதோ, அந்த எண்ணுக்குரியவர் இன்னும் உள்ளே இருக்கிறார். மீட்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. எந்த ஆபத்தும் இல்லாத நாளில், அவசரமே இல்லாத காலைப்பொழுதில், ஒரு எழுத்தர் பொறுமையாக அந்த வில்லைகளை எண்ணி மாட்டியிருந்தால்தான், ஆபத்து வந்த நாளில் யாரைத் தேடுகிறோம் என்றாவது நமக்குத் தெரியும்.