இருப்புப்பாதையின் வரவும் செலவும்

ஆங்கிலேயர் 1947 ஆம் ஆண்டில் இந்நாட்டை விட்டு அகன்றனர். அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் எவர் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிவது இருப்புப்பாதை. “என்ன இருந்தாலும் நமக்கு இரயிலைக் கொடுத்தவன் வெள்ளைக்காரன் அல்லவா?” என்று நம் காலனியின் மாலை நேரப் பேச்சில் பெரியவர்கள் கூறுவதுண்டு. “அவன் கொள்ளையடிக்க வந்தவன், நடந்த தீமை யாவும் அவன் செய்தவையே” என்று இளைஞர்கள் மறுமொழி கூறுவதும் உண்டு. இவ்விரு கூற்றுக்களிலும் பாதி உண்மையே இருக்கின்றது. இரயிலை நம்பி உண்டு வாழும் குடும்பங்கள் நிறைந்த நம் சங்கத்தின் ஆண்டு மலரில், மற்றைப் பாதியையும் எடுத்து வைப்பது பொருத்தமாகுமெனக் கருதி இதனை எழுதத் துணிந்தேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என ஏடெழுதிப் பழகியவன். அம்முறையே இங்கும் போதுமென நம்புகிறேன்.

பணம் யாருடையது?

1853 ஏப்ரல் 16 ஆம் நாள் பம்பாய் போரி பந்தரிலிருந்து தானாவுக்கு முதற் பயணிகள் வண்டி ஓடிற்று. 1856 ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை நம் தென்னாட்டு வண்டி புறப்பட்டது. இவற்றுக்குத் திட்டம் வகுத்த கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, 1853 இல் எழுதிய நீண்ட குறிப்பில் காரணங்களை ஒளிக்காமலே கூறியுள்ளார். படைகள் விரைந்து செல்ல வேண்டும். பருத்தி முதலிய விளைபொருள்கள் துறைமுகம் சேர வேண்டும். இங்கிலாந்தின் சரக்குகள் உள்நாட்டுச் சந்தைகளை எட்ட வேண்டும். நம் பாட்டன்மார் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் போய்வர வேண்டும் என்பதன்று அத்திட்டத்தின் முதல் நோக்கம்.

இனிப் பணத்தைப் பார்ப்போம். 1849 இல் செய்யப்பெற்ற ஒப்பந்தங்களின்படி, இலண்டனில் பங்கு வாங்கியவர்களுக்கு நூற்றுக்கு 5 வீதம் வட்டிக்கு உறுதி அளிக்கப்பட்டது. நிலமும் இலவசமாக வழங்கப்பட்டது. பாதையின் வருமானம் வட்டிக்குப் போதாவிடின், குறையை இந்திய அரசின் வருவாயிலிருந்து, அதாவது உழவன் செலுத்திய நிலவரியிலிருந்தும் ஏழை வாங்கிய உப்பின் மீதிருந்த வரியிலிருந்தும் ஈடு செய்ய வேண்டும். நட்டத்துக்கு அஞ்ச வேண்டாதவன் சிக்கனத்தை ஏன் நினைக்கப் போகிறான்? மைலுக்கு ஆகுமென மதிப்பிட்ட தொகை, வேலை முடிந்தபோது இருமடங்குக்கும் மேலாயிற்று. இந்திய அரசின் நிதி மந்திரியாயிருந்த மாஸ்ஸி என்னும் ஆங்கிலேயரே, 1872 இல் பாராளுமன்றக் குழுவின் முன் இவ்வீண் செலவை ஒப்புக்கொண்டு சாட்சியம் அளித்தார். ஆகவே, இரயில் நமக்குக் கிடைத்த தானமன்று. விலை கொடுத்து வாங்கினோம், அவ்விலையும் அதிகம், அதனை நிர்ணயிக்கும் உரிமையோ நமக்கு இருந்ததில்லை.

பெயர் இல்லாதவர்கள்

கோடை விடுமுறைக்குச் சென்னை செல்லும்போது, கர்ஜத்தில் பின்னாலும் என்ஜின் பூட்டி வண்டி மலை ஏறத் தொடங்கியதும், நம் குழந்தைகள் சன்னலோரம் அமர்ந்து குகைகளை எண்ணி மகிழ்கின்றனர். அந்தப் போர் கணவாய்ப் பாதை 1856 முதல் 1863 வரை கட்டப்பட்டது. வேலை மும்முரமாயிருந்த 1861 இல் அங்கு ஏறத்தாழ 40,000 பேர் பாறை பிளந்தனர். ஒப்பந்தக்காரராக வந்த சாலமன் டிரெட்வெல் 1859 இல் வந்து சேர்ந்த சிறிது காலத்திலேயே நோயுற்று இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் அம்மையார் மனந்தளராது பொறுப்பேற்று வேலையை நடத்துவித்தார். இவ்விருவர் பெயரும் நூல்களில் உள்ளன. அம்மையாரின் துணிவும் போற்றத்தக்கதே. ஆயின் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வெடி விபத்தாலும் அங்கு மாண்ட ஆயிரக்கணக்கான கூலியாட்களுள் எவர் பெயரை நாம் அறிவோம்? குகைகளைக் குழந்தைகள் எண்ணும்போது இவர்களையும் நினைவூட்டுவது பெற்றோர் கடமையாகும்.

பஞ்சமும் பாதையும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் பெரும் பஞ்சம் வாட்டியது. மாண்டவர் தொகை ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்பர். இரயில் இருந்தால் பஞ்சம் வாராது என்று அதற்குமுன் பேசப்பட்டது. இரயில் வெளி மாகாணங்களிலிருந்து தானியம் கொணர்ந்தது மெய். அதனால் உயிர் பிழைத்தோரும் உண்டு. ஆயின் அதே பாதை விலையேற்றத்தையும் ஊர்தோறும் கொண்டு சென்றது. மழை பொய்க்காத ஊரிலும் ஏழைக்கு எட்டாத விலையாயிற்று. அந்த ஆண்டுகளிலேயே இந்நாட்டுக் கோதுமை கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். அது போதாதென்று வாதாடியவர் சென்னையின் சுகாதார அதிகாரி கார்னிஷ். அவரும் ஆங்கிலேயரே என்பதை நாம் மறத்தல் கூடாது.

நம் பக்கத்துக் கணக்கு

இதுவரை எழுதியது பிறர் கணக்கு. ஏட்டை இங்கேயே மூடிவிட்டால் நாம் நேர்மையான கணக்கர் ஆகமாட்டோம். பஞ்ச காலத்தில் தானியத்தைப் பதுக்கி, விலை ஏறும்வரை காத்திருந்தவர்களுள் நம் நாட்டு வணிகரும் இருந்தனர். ஏற்றுமதிச் சரக்குக்குச் சீட்டு எழுதிய கைகளும் பெரும்பாலும் நம்மவர் கைகளே.

1921 நவம்பரில், மலபார்க் கலகத்தில் பிடிபட்ட ஏறத்தாழ 100 கைதிகளைத் திரூரில் ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்துப் பெல்லாரிச் சிறைக்கு அனுப்பினர். வழியிலே வண்டி நின்ற நிலையங்களில் கதவு திறக்கப்படவில்லை. போத்தனூரில் திறந்தபோது பலர் மூச்சடைத்து இறந்து கிடந்தனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்து மாண்டவர் சுமார் 70 பேர். ஆணையிட்டவர்கள் வெள்ளையர். ஆயின் காவல் சென்ற போலீசாருள் நம்மவர் இருந்தனர்; வண்டிக்குக் கொடி காட்டிய நிலையங்களிலும் நம்மவர் இருந்தனர். ஆணைக்குப் பணிவதே கடமை என்று பழகிய மனம் ஒரு கதவைத் திறக்கவும் தயங்குமாயின், ஆட்சி மாறிய பின்னும் அம்மனம் தானாக மாறிவிடாது. அரசு ஊழியம் புரியும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. தென்னாட்டு இரயில் நிலையங்களின் உணவுச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், ஏனையோருக்கு வேறிடம் என்ற பிரிவு நெடுங்காலம் இருந்தது. பெரியார் ஈ. வே. ராமசாமியும் பிறரும் கிளர்ச்சி செய்ததன் பயனாக 1941 இல் அது ஒழிந்தது. ஒரே வண்டியில் ஒரே கட்டணம் செலுத்தி வந்தவர்களை உணவு வேளையில் பிரித்து வைத்த இவ்வழக்கத்தை வெள்ளையன் தன் நாட்டிலிருந்து கொண்டு வரவில்லை. நம்மிடம் இருந்ததற்கு அவன் பலகை எழுதி மாட்டினான். நாமும் அப்பலகையைப் பார்த்து அவரவர் இடத்தில் அமர்ந்தோம்.

மிச்சம் என்ன?

இவ்வாறு இரு பக்கமும் எழுதியபின் மிச்சமாவது யாது? வெறுப்பும் அன்று, நன்றிக் கடனும் அன்று. என்ஜின்களை ஆயிரக்கணக்கில் இங்கிலாந்திலிருந்தே வாங்கிவந்த இந்நாடு, 1950 இல் சித்தரஞ்சனில் தன் என்ஜினையும், 1955 இல் பெரம்பூரில் தன் பெட்டிகளையும் செய்யத் தொடங்கியது. பிறர் தம் ஆதாயத்துக்காக இட்ட பாதையை நம் உழைப்பினால் நமக்கு உரியதாக்கிக் கொண்டோம். கன்னியாகுமரியில் பிறந்தவன் கல்யாணில் குடியிருக்கவும், அவன் பிள்ளை மராத்தியும் இந்தியும் தமிழும் பேசி வளரவும் வழி செய்தது அப்பாதையே. இது வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியது, மறைக்கத் தேவையில்லை.

ஆயினும், வரவைக் காட்டிச் செலவை அடித்துவிடும் கணக்கு எந்தத் தணிக்கையிலும் நில்லாது. ஆங்கில நாட்டார் தம் முன்னோர் செய்ததைத் தம் பிள்ளைகளுக்கு ஒளியாமல் உரைத்தல் அவர்கள் கடன். நம் முன்னோர் பட்டதையும், அவருள் சிலர் உடந்தையாய் நின்றதையும் நம் பிள்ளைகளுக்கு ஒளியாமல் உரைத்தல் நம் கடன். அவர்கள் தம் கடனைச் செய்யும்வரை நாம் நம்முடையதை ஒத்திவைக்க வேண்டுவதில்லை.