"இது எந்த நெட்வொர்க் போன்?" – கான்ட்ராக்ட் நம்ம ஊரில் தோற்ற கதை

இன்னைக்கு எபிசோட் அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துல இருக்கிற ஒரு மொபைல் கடையில ஆரம்பிக்குது. என் தங்கச்சி ஆவடி பக்கம் காலேஜ் சேர்ந்திருக்கா. அவளுக்கு ஒரு போன் வாங்கணும், பட்ஜெட் ₹10,000. அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்திருந்த அத்தை பொண்ணும் கூட வந்தா. ஒரு போனைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, "அண்ணா, இது எந்த நெட்வொர்க் போன்?"னு கேட்டா. கடைக்காரருக்குக் கேள்வியே புரியல. "எந்த சிம் வேணாலும் போட்டுக்கோங்கம்மா"ன்னார்.

அவ கேட்டதுல தப்பில்லை. 2007-ல் ஐபோன் வந்தபோது, அமெரிக்காவில் அதை வாங்க ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு இரண்டு வருஷ ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் ஐபோன் 3ஜி 199 டாலர்தான் என்றார்கள். அதற்கும் அதே இரண்டு வருஷக் கட்டு. போனோட மீதி விலை மாதப் பில்லுக்குள்ள ஒளிஞ்சிருந்தது. அதே போன் 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை ₹31,000. மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டணும்.

நம்ம ஊர்ல ஏன் அந்தக் கான்ட்ராக்ட் முறை வரலை? வந்தது. வந்து, தோத்துப்போச்சு. அந்தக் கதைதான் இது.

கடன் கொடுக்க ஆளில்லை

1995 ஜூலை 31. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு அது. அப்போதெல்லாம் உச்ச நேரத்தில் ஒரு நிமிஷத்துக்கு ₹16.80 வரை கட்டணம். நமக்கு வர்ற காலுக்கும் நாமதான் காசு கொடுக்கணும்.

போன் கான்ட்ராக்ட்ங்கிறது அடிப்படையில ஒரு கடன். கம்பெனி போனை முன்னாடியே கொடுத்துடுது, நாம மாசாமாசம் அடைக்கிறோம். கடன் கொடுக்கணும்னா ஆள் யார், வீடு எங்கே, மாச வருமானம் என்னன்னு காகிதம் வேணும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில ஷிப்ட்டுக்குப் போய்ட்டு, பாடியிலயோ கொரட்டூர்லயோ வாடகை வீட்டுல இருந்தவங்ககிட்ட அந்தக் காகிதம் எங்கே இருக்கும்?

பிரீபெய்ட் இந்தச் சிக்கலைத் தலைகீழாக்கியது. கம்பெனி நம்மை நம்ப வேண்டாம், நாமதான் முன்கூட்டியே காசு கட்டி கம்பெனியை நம்பறோம். பெட்டிக்கடையில் ரீசார்ஜ் கார்டு வாங்கிச் சுரண்டினால் போதும்.

2003: ரெண்டு பாதை

அந்த வருஷம் மே 1 முதல் இன்கமிங் இலவசமானது. கையில் பேலன்ஸ் இல்லாதவர்களுக்கும் போன் பயன்பட ஆரம்பித்தது. மிஸ்டு கால் ஒரு தனி மொழியாவே ஆச்சு.

ஜூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 'மான்சூன் ஹங்காமா' திட்டத்தைக் கொண்டுவந்தது. ₹501 கட்டினால் சிடிஎம்ஏ போன் கையில். மீதியை மாதப் பில்லோடு கட்டிக்கொள்ளலாம். போன் வாங்குவதை லட்சக்கணக்கானோருக்கு எட்டும் விஷயமாக்கியது அந்தத் திட்டம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் எண் போனுக்குள்ளேயே பதிந்திருந்தது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போடும் பேச்சே இல்லை. பலர் பில் கட்டாமல் விட, வராக்கடன் கம்பெனிக்குப் பெரிய சுமையானது.

அதே வருஷம் நோக்கியா 1100 வந்தது. டார்ச் லைட், தூசி புகாத கீபேட். முழு விலை கொடுத்து வாங்கணும், ஆனா எந்த ஜிஎஸ்எம் சிம்மும் போடலாம், தேவைப்பட்டா விக்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. நம்ம ஊர் இந்த ரெண்டாவது பாதையிலதான் நடந்தது.

2006-ல் நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் சுமார் 20 கிலோமீட்டர். சுற்றுவட்டாரத்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் கம்பெனி பஸ்ஸில் அங்கே வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பர் 1-ல் அந்த ஆலை மூடப்பட்டது. அதே 2014-லதான் மோட்டோ இ ₹6,999-க்கும், ரெட்மி 1எஸ் ₹5,999-க்கும் ஆன்லைனில் வந்தன. ஸ்மார்ட்போனும் கான்ட்ராக்ட் இல்லாமலே மலிவானது. ஆனா அந்த பஸ்ஸில் போனவங்களுக்கு வேலை இல்லாம போச்சு. ரெண்டையும் சேர்த்துத்தான் ஞாபகம் வெச்சுக்கணும்.

பூட்டு திரும்ப வருது

2017-ல் ஜியோபோன். ₹1,500 டெபாசிட், மூன்று வருஷம் கழித்துத் திருப்பித் தருவோம் என்றார்கள். நிபந்தனை: வருஷத்துக்குக் குறைந்தது ₹1,500 ரீசார்ஜ் செய்யணும். ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும். பேர் கான்ட்ராக்ட் இல்லை, அவ்வளவுதான்.

இப்போ அது இஎம்ஐ வடிவத்துல இருக்கு. தவணை தவறினா போனையே பூட்டுற ஆப்பைச் சில கடன் நிறுவனங்கள் போன்ல போட்டுத் தர்றாங்க. தங்கச்சிக்கும் கடையில ஒரு ₹18,000 போனை அப்படித்தான் காட்டினாங்க. "மாசம் ஆயிரத்தைநூறுதாம்மா." அவ கண்ணு அங்கேயே நின்னுடுச்சு. ஆன்லைன் கிளாஸ், பஸ் பாஸ், பேங்க் எல்லாமே போன்லதான். ஒரு மாசம் தவறினா எல்லாமே நிக்கும்னு அத்தை பொண்ணுதான் சொன்னா.

ஒரு ரொக்க போன் வாங்கினோம். நாங்க பார்த்த விஷயங்களைச் சொல்லிடறேன்.

ஒண்ணு, 5ஜி பேண்டு. 2016-ல் ஜியோ வந்தப்போ 3ஜி போன் வெச்சிருந்தவங்க அதைப் பயன்படுத்த முடியல. அந்தப் பாடம் இன்னும் செல்லும். n28, n78 ரெண்டும் இருந்தா நல்லது, எந்த நெட்வொர்க்குக்கும் மாறலாம். எண்ணை மாற்றாமல் நெட்வொர்க் மாறும் உரிமை 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கு. போன் ஒத்துழைச்சாத்தான் அந்த உரிமைக்கு அர்த்தம்.

ரெண்டு, செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம் வரும். விலை குறைவான போன்கள் சீக்கிரம் கைவிடப்படறது இங்கேதான்.

மூணு, பழைய போன் வாங்கினா *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பாருங்க. ஆங்கிலத்தில் KYM என்று டைப் செய்து, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் விவரம் வரும். திருட்டு போனா, கறுப்புப் பட்டியல்ல இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்.

தங்கச்சி பழைய சிம்மை எடுத்துப் புது போன்ல போட்டா. டவர் வந்தது. யாரும் கையெழுத்து கேட்கல. அத்தை பொண்ணு, "அவ்வளவுதானா?"ன்னா. அவ்வளவுதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.