சாம்பியன்ஸ் சேலஞ்ச்: ஆண்கள் ஹாக்கியின் இரண்டாம் படி

சாம்பியன்ஸ் சேலஞ்ச் என்பது பன்னாட்டு ஹாக்கி கூட்டமைப்பு 2001 முதல் 2014 வரை நடத்திய ஆண்கள் வளைகோல் பந்தாட்டத் (ஹாக்கி) தொடர் ஆகும். உலகின் முன்னணி அணிகள் மட்டும் ஆடிய சாம்பியன்ஸ் டிராபிக்கு அடுத்த படியில் இது வைக்கப்பட்டிருந்தது. மொத்தம் எட்டு முறை நடைபெற்றது. முதல் கோப்பையை வென்ற நாடு இந்தியா.

ஒலிம்பிக்கில் பெற்ற எட்டுத் தங்கங்களை விரல்விட்டுச் சொல்பவர்கள்கூட இந்த வெற்றியைச் சொல்வதில்லை. இரண்டாம் நிலைத் தொடர்தானே என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் உலக ஹாக்கியில் யார் எழுந்தார்கள், யார் இறங்கினார்கள் என்பதை அறிய இந்தச் சிறிய தொடரின் வரலாறு பெரிதும் உதவுகிறது.

தோற்றம்

சாம்பியன்ஸ் டிராபி 1978-இல் பாகிஸ்தானின் லாகூரில் தொடங்கியது. பெரும்பாலான ஆண்டுகளில் அதில் ஆறு அணிகள் மட்டுமே ஆடின. இதனால் மேல்நிலையில் இருந்த நாடுகள் ஆண்டுதோறும் தங்களுக்குள் மோதி ஆட்டத்தை வளர்த்துக்கொண்டன. வெளியே நின்ற நாடுகளுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. வலிமையான அணிகளோடு ஆடினால்தான் வலிமை வளரும். வலிமை இருந்தால்தான் அவற்றோடு ஆட இடம் கிடைக்கும் என்ற நிலை இருந்தது.

இதைச் சரிசெய்யவே 2001-இல் இரண்டாம் நிலைத் தொடர் தொடங்கப்பட்டது. இதில் வெல்லும் அணிக்கு அடுத்த சாம்பியன்ஸ் டிராபியில் இடம் உண்டு. பள்ளியில் ஆண்டுத் தேர்வு எழுதி மேல் வகுப்புக்குப் போவதைப் போன்ற ஏற்பாடு இது. தொடக்கத்தில் ஆறு அணிகள் ஆடின. பின்னர் எட்டாக உயர்ந்தது. 2009-இல் இதற்கும் கீழே சாம்பியன்ஸ் சேலஞ்ச் 2 என்ற இன்னொரு படியும் சேர்க்கப்பட்டது.

கோலாலம்பூர், 2001

1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த வி. பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. அதன் பிறகு நீண்ட சரிவு. 1996 டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராபி சென்னையில் நடந்தபோது நெதர்லாந்து கோப்பையை வென்றது. இந்தியா நான்காம் இடம் பெற்றது. அதற்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளில் நடந்த சாம்பியன்ஸ் டிராபி தொடர்கள் எதிலும் இந்தியா இல்லை.

2001 டிசம்பரில் மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் முதல் சாம்பியன்ஸ் சேலஞ்ச் நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்னாப்பிரிக்காவை 2–1 என வென்றது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இந்திய இளையோர் அணி ஆஸ்திரேலியாவின் ஹோபர்ட் நகரில் அர்ஜென்டினாவை 6–1 என வீழ்த்தி இளையோர் உலகக் கோப்பையை வென்றிருந்தது.

கோலாலம்பூர் வெற்றியின் பயன் உடனே தெரிந்தது. 2002-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் டிராபிக்கு இந்தியா திரும்பியது. அங்கும், 2003-இல் ஆம்ஸ்டெல்வீனிலும், 2004-இல் லாகூரிலும் தொடர்ந்து நான்காம் இடம் பெற்றது. மூன்று முறையும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் தோற்றது பாகிஸ்தானிடம். பதக்கம் கிடைக்கவில்லை என்றாலும் உலகின் முதல் நான்கு அணிகளுக்குள் மூன்று ஆண்டுகள் நின்றது சிறிய செய்தி அன்று. 2005-இல் சாம்பியன்ஸ் டிராபி மீண்டும் சென்னைக்கு வந்தது, ஆஸ்திரேலியா வென்றது.

மீண்டும் கீழ்ப் படி

2006 முதல் 2011 வரை சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியா ஆடவில்லை. அந்த ஆண்டுகளில் அது தேர்வெழுதிய இடம் சாம்பியன்ஸ் சேலஞ்ச்தான். 2007-இல் பெல்ஜியத்தின் பூம் நகரிலும், 2009-இல் அர்ஜென்டினாவின் சால்டா நகரிலும் மூன்றாம் இடமே கிடைத்தது. முதலிடம் பெற்றால்தான் மேலே செல்லலாம் என்பதால், மூன்றாம் இடத்தால் கதவு திறக்கவில்லை.

இடையில் 2007 செப்டம்பரில் சென்னை எழும்பூர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசியக் கோப்பை நடந்தது. இறுதியில் இந்தியா தென்கொரியாவை 7–2 என வென்றது. அரங்கம் நிறைந்த மகிழ்ச்சி அது. ஆனால் ஆறு மாதம் கழித்து, 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் 0–2 எனத் தோற்று, பெய்ஜிங் ஒலிம்பிக் வாய்ப்பை இந்தியா இழந்தது. 1928-க்குப் பிறகு இந்திய ஹாக்கி அணி இல்லாத முதல் ஒலிம்பிக் அது. பூம் நகரில் கிடைத்த மூன்றாம் இடத்தை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொண்டிருக்கலாம். சென்னை வெற்றியின் ஆரவாரத்தில் அது காதில் விழவில்லை.

2011-இல் நடந்தது விளையாட்டுக்கு வெளியே நேர்ந்த இழப்பு. அந்த ஆண்டின் சாம்பியன்ஸ் டிராபி தில்லியில் நடப்பதாக இருந்தது. இந்தியாவில் ஹாக்கியை நிர்வகிப்பது யார் என்று இரண்டு அமைப்புகள் மோதிக்கொண்டதால், பன்னாட்டுக் கூட்டமைப்பு தொடரை நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு மாற்றியது. நடத்தும் உரிமையோடு ஆடும் இடமும் பறிபோனது. இந்திய அணி ஜோகானஸ்பர்க்கில் நடந்த சாம்பியன்ஸ் சேலஞ்சுக்குச் சென்றது. இறுதி வரை முன்னேறி, பெல்ஜியத்திடம் 3–4 என ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றது.

வென்ற அணிகள்

2001, கோலாலம்பூர்: இந்தியா
2003, ஜோகானஸ்பர்க்: ஸ்பெயின்
2005, அலெக்சாந்திரியா: அர்ஜென்டினா
2007, பூம்: அர்ஜென்டினா
2009, சால்டா: நியூசிலாந்து
2011, ஜோகானஸ்பர்க்: பெல்ஜியம்
2012, கில்மெஸ்: அர்ஜென்டினா
2014, குவாந்தான்: தென்கொரியா

இந்தப் பட்டியலைப் பின்னர் நடந்தவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2003-இல் இரண்டாம் படியில் வென்ற ஸ்பெயின், அடுத்த ஆண்டே லாகூரில் சாம்பியன்ஸ் டிராபியை வென்றது. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் மோதிய இரு அணிகள் அர்ஜென்டினாவும் பெல்ஜியமும். அர்ஜென்டினா 4–2 என வென்று தங்கம் பெற்றது. இரண்டுமே இந்தப் படியில் ஏறி வந்தவை. பெல்ஜியம் 2018-இல் புவனேசுவரத்தில் உலகக் கோப்பையையும், டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றது.

ஜோகானஸ்பர்க் இறுதியில் இந்தியாவுக்கும் பெல்ஜியத்துக்கும் இடையே இருந்தது ஒரு கோல் மட்டுமே. அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பன்னிரண்டாவதாக, அதாவது கடைசியாக வந்தது. ஐந்தாம் ஆண்டில் பெல்ஜியம் ஒலிம்பிக் இறுதியில் நின்றது. ஓர் அணி இரண்டாம் படியில் நிற்பது இழிவு அன்று. அங்கு நின்ற காலத்தை அந்நாட்டு நிர்வாகம் எப்படிப் பயன்படுத்தியது என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது.

முடிவும் தொடர்ச்சியும்

2012-இல் உலக ஹாக்கி லீக் தொடங்கியதால் சாம்பியன்ஸ் சேலஞ்சின் தேவை குறைந்தது. 2014-இல் மலேசியாவின் குவாந்தானில் நடந்ததே கடைசி. சாம்பியன்ஸ் டிராபியும் 2018-இல் நெதர்லாந்தின் பிரெடா நகரோடு முடிந்தது. அந்தக் கடைசித் தொடரில் இந்தியா வெள்ளி பெற்றது. 2019 முதல் புரோ லீக் மேல்நிலைத் தொடராக உள்ளது. அதற்குக் கீழே 2022 முதல் நேஷன்ஸ் கோப்பை நடக்கிறது. அதை வெல்லும் அணி புரோ லீக்குக்கு உயரலாம்.

பெயர் மாறினாலும் பழைய சிக்கல் தீரவில்லை. 2025 நேஷன்ஸ் கோப்பையை நியூசிலாந்து வென்றது. ஆனால் செலவைக் கருதிப் புரோ லீக்கில் சேரவில்லை. இறுதியில் தோற்ற பாகிஸ்தானுக்கு அந்த இடம் போயிற்று. தேர்வில் தேறிய பிறகும் மேல் வகுப்புக்குக் கட்டணம் கட்ட முடியாத மாணவனின் நிலை இது.

தமிழ்நாடும் கீழ்ப் படிகளும்

தமிழ்நாட்டு வீரர்களுக்கும் இத்தகைய படிகள் உதவியுள்ளன. 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்தியா தன் முதன்மை அணியை அனுப்பாமல், பெரும்பாலும் இளைஞர்களைக் கொண்ட அணியை அனுப்பியது. ஹாக்கிக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியின் சக்திவேல் மாரீஸ்வரனுக்கும், அரியலூரின் செல்வம் கார்த்திக்கும் அதில் இடம் கிடைத்தது. அணி வெண்கலம் வென்றது. அடுத்த ஆண்டு சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை வென்ற முதன்மை அணியில் கார்த்தி இருந்தார்.

2025 இறுதியில் 24 அணிகள் ஆடிய இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. கொடைக்கானல், பழனி வட்டாரப் பிள்ளைகள் உலக நாடுகளின் ஹாக்கியை நேரில் காணச் சென்னைவரை போக வேண்டியிருந்த நிலை அப்போது மாறியது. மலையிறங்கி மதுரைக்குப் போய், அன்றே வீடு திரும்பும் தொலைவில் அது வந்து சேர்ந்தது. அங்கு ஆடியவர்களில் பலர் இன்னும் பெயர் அறியப்படாதவர்கள். கோலாலம்பூரில் 2001-இல் ஆடிய அணிகளையும் அன்று பெரிதாக யாரும் பேசவில்லை. அங்கிருந்துதான் இந்தியா மூன்று ஆண்டுகள் மேல் வரிசையில் நிற்கும் தகுதியைப் பெற்றது.